ஓரமாகப் போன நாள்

கால் எப்படி இருக்கிறது என்று யாரும் முதலில் கேட்கவில்லை. ஆம்புலன்சில் தூக்கிப் போட்டவர், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர், எக்ஸ்ரே அறையில் தலைக்குமேல் மெஷினை இழுத்தவர், எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான். "நடு ரோட்லயா போனீங்க?" கார்க்காரனை லாரி இடித்தால் எங்கள் பக்கம் லாரிக்காரனைப் பிடித்துக் கேட்பார்கள். சைக்கிள்காரியை வேன் இடித்தால் சைக்கிள்காரியைத்தான் கேட்பார்கள்.

என் பெயர் எஸ்தர். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து முடித்து வருகிற ஷூவைத் திருப்பிப் பார்த்து, தையல் கோணலா, பசை வழிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று சொல்வது என் வேலை. குறை சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் பெயர் தேவராஜ், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்பும் மாமா, பின்பும் மாமா. இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறேன். ஆஸ்பத்திரியில் கேட்டவர்களுக்கெல்லாம் அரைகுறையாகவும் பொய்யாகவும் சொன்னதை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கம்பெனிக்கு நான் சைக்கிளில்தான் போவேன். வேன் விடுகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது பாலாற்றங்கரை ஊரையெல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரும். அதைப் பிடிக்க விடியுமுன் கிளம்ப வேண்டும், திரும்பும்போதும் அதே கதை. சைக்கிள் என்றால் சோறு வடித்து, வீட்டைப் பூட்டி, என் இஷ்டத்துக்குக் கிளம்பலாம். வழியில் நின்று கீரை வாங்கலாம். வீட்டிலும் ஆள் இருப்பார்கள், லைனிலும் ஆள் இருப்பார்கள். நடுவில் அந்தப் பெடல் மிதிக்கிற நேரம் மட்டும்தான் எனக்கென்று இருந்தது.

எங்கள் ஊரிலிருந்து ஐந்தாறு பெண்கள் சேர்ந்து போவோம். நான் முன்னால் போவேன், ரோட்டின் இடது பாதிக்கு நடுவில். வீம்புக்காக இல்லை. ஓரமாகப் போனால் பின்னால் வருகிறவனுக்கு நாம் ரோட்டோரக் கல் மாதிரிதான், உரசிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். நடுவில் போனால் ப்ரேக் போடுவான், ஹாரன் அடிப்பான், திட்டுவான். திட்டுகிறான் என்றால் நம்மைப் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். போதாததற்கு எங்கள் ரோட்டில் ஓரம் என்று ஒன்று கிடையாது. ஆற்று மணல் ஏற்றிப்போகிற டிராக்டர்கள் சிந்திய மணல் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி சேர்ந்து கிடக்கும்.

அதற்காகக் கடைசிவரை வழியை மறித்துக்கொண்டு போகவும் மாட்டேன். ரோடு அகலமாகிற இடம் வந்ததும் இடது பக்கம் ஒதுங்குவேன். என்னைப் பார்த்துப் பின்னால் வருகிறவர்களும் ஒதுங்குவார்கள், வேன் தாண்டிப் போகும், ஜன்னலிலிருந்து யாராவது கை ஆட்டுவார்கள். இதை யாரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காக அப்படியே பழகிவிட்டது. எஸ்தர் அக்கா ஒதுங்கினால் வழி இருக்கிறது என்று எங்கள் ரூட் வேன் டிரைவர் ரவிக்குத் தெரியும்.

மாமாவுக்கு இது ஒரு நாளும் பிடித்ததில்லை. ஆட்டோக்காரர் அல்லவா, சைக்கிளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "நீ சொல்றது கரெக்டு. ரோடு எல்லாருக்கும்தான். நீ சரி, அவன் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அடிபட்டா உன்ன அள்ளிட்டுப் போறவன் நான்தானே?" என்பார். நான், "ஓரமா போனா மட்டும் பூப்போட்டு அனுப்புவாங்களா?" என்பேன். குழம்பு கொதிக்கிற நேரமெல்லாம் இந்தச் சண்டைதான். சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்களுக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது.

விளையாட்டு இல்லை என்று ஆனது ஒரு வாட்ச்மேனால். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்தவர், பைபாஸில் சைக்கிளில் போகும்போது அவரைப் பின்னாலிருந்து அடித்துவிட்டு எவனோ நிற்காமல் போய்விட்டான். அந்த வழியாக வந்த மாமாதான் அவரைத் தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் அவர் உயிர் போய்விட்டது. அன்று மாமா வீட்டுக்கு வந்து ஆட்டோவின் பின் சீட்டைக் கழுவினார். மறுநாளும் கழுவினார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அதற்கு அடுத்த நாள் காலையில் நான் சைக்கிளை வெளியே தள்ளும்போது வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் ஓரமா போ எஸ்தரு."

"இன்னா மாமா புதுசா?"

"சண்ட போடாத. நீ வீட்டுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு வண்டி ஓட்ட முடியல. ஓரமா போறேன்னு சொல்லு."

அவர் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருஷம் கழித்து ஒரு மனிதன் நமக்காகப் பயப்படுகிறான் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அவர் தலையில் கை வைத்து, "சரி மாமா, ஓரமாவே போறேன்" என்றேன்.

இந்தப் பேச்சில் நேரமாகிவிட்டது. மற்ற பெண்கள் போய்விட்டார்கள். நான் தனியாகப் போனேன், சொன்ன வாக்குப்படி ஓரமாக, மணலை ஒட்டியே. எங்கள் ரோட்டில் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. ரோடு அங்கே ஒடுங்கும், இரண்டு பக்கமும் இடுப்புயரக் கைப்பிடிச் சுவர். வழக்கமாக அங்கே நான் நடுவைவிட்டு நகரவே மாட்டேன். அன்று நான் ஓரத்தில் இருந்தேன். பின்னால் ரவியின் வேன் வருவது கேட்டது. வேகம் குறையவில்லை, கூடியது. ஏன் கூடியது என்று அந்த நிமிஷம் எனக்குப் புரியவில்லை. வேனின் பின்பக்கம் ஹேண்டில்பாரை லேசாகத் தட்டியது. சக்கரம் மணலில் வழுக்கியது. சுவரில் போய் மோதினேன்.

கண்ணைத் திறந்து பார்த்தால் முட்டி ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, பாதம் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. செக்கிங் டேபிளுக்கு வந்திருந்தால் தொட்டுக்கூடப் பார்க்காமல் ரிஜெக்டில் போட்டிருப்பேன்.

ஆம்பூரில் கட்டையை வைத்துக் கட்டி, வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எமர்ஜென்சியில் கிடக்கும்போது மாமா வந்தார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தார், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. வந்ததும் அவரும் அதையேதான் கேட்டார்.

"நடுவுல போனியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இல்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அந்த வலியிலும் எனக்குத் தெரிந்தது. நீ சொன்னாய், ஓரமாகப் போனேன், அதனால்தான் இப்படிக் கிடக்கிறேன் என்று அர்த்தம். செத்துப்போன வாட்ச்மேனுக்காகவே சாப்பிடாமல் கிடந்த மனுஷன். இதைத் தாங்குவாரா?

"ஆமா மாமா" என்றேன்.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "சொன்னனே, சொன்னனே" என்று அழுதார். நான் பொய் சொன்னதற்காக வருத்தப்படவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் பொய், வீட்டுக்குப் போனதும் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தக் கட்டிலில் இத்தனை நாள் கிடக்கப்போகிறேன் என்று யார் கண்டார்கள்.

தொடை எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. அதற்குள் நீளமான கம்பி ஒன்றை இறக்கி இரண்டு துண்டையும் ஒன்றாக நிறுத்த வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். நாளைக்கே செய்துவிடுவார்கள் என்று பார்த்தால், ரத்தப் பரிசோதனை குறுக்கே வந்து நின்றது. சர்க்கரை ஏகத்துக்கும் இருந்தது. எனக்குச் சர்க்கரை என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கடந்த மூன்று மாதம் ரத்தத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்று காட்டிக்கொடுக்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறதாம், அதில் வசமாக மாட்டிக்கொண்டேன். ரத்தமும் கம்மி. இந்த நிலைமையில் கத்தி வைத்தால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும் என்று மயக்க டாக்டர் கையை விரித்தார். ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கி, ரத்தம் ஏற்றி, பிறகுதான் ஆபரேஷன்.

அதுவரை காலைச் சும்மா விட முடியாது. தொடைச் சதைக்குப் பலம் ஜாஸ்தி, உடைந்த துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துக் காலைக் குட்டையாக்கிவிடுமாம். அதனால் முட்டிக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, எலும்பில் குறுக்காக ஒரு கம்பியைத் துளைத்து விட்டார்கள். கதவில் தாழ்ப்பாள் மாட்ட ஓட்டை போடும்போது கேட்குமே, அந்த டிரில் சத்தம்தான். கம்பியில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த உருளை வழியாக விட்டு, கனத்தைத் தொங்கவிட்டார்கள். கால்மாட்டை உயர்த்திக் கட்டை வைத்தார்கள். இதற்கு ட்ராக்‌ஷன் என்று பெயர். கனம் தரையைத் தொடக் கூடாது, கயிறு நகரக் கூடாது, நான் புரளக் கூடாது. தலை தாழ்ந்தும் கால் உயர்ந்தும் மல்லாந்து கிடப்பது மட்டும்தான் என் வேலை.

அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், நான் கட்டிப்போடப்பட்ட மாடு. மாடாவது கயிற்றின் நீளத்துக்கு நகரும். எனக்குக் குதிகால் அரித்தால் யாராவது வர வேண்டும். பெட்பேன் வைக்க இரண்டு பேர் வர வேண்டும். வைத்தபின் வரவே வராது, எடுத்துக்கொண்டு போனபின் வரும். தரை துடைக்கிற அம்மாள் வாளியை நகர்த்தும்போது கனத்தில் இடித்துவிடுவாளோ என்று கண்ணை மூடிக்கொள்வேன். ஜன்னலில் மலையின் ஒரு துண்டு தெரிந்தது. அதே துண்டுதான் தினமும்.

ஜன்னலுக்கு வெளியே ரோடு. பஸ்ஸும் ஆட்டோவும் விடாமல் ஹாரன் அடிக்கும். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. ஒரு நாள் நீளமாக ஒரு லாரி ஹாரன் கேட்டபோது என் நல்ல கால் தானாகத் துள்ளியது. வருஷமெல்லாம் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பெடல் மிதித்தவள் நான். இதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கல்கத்தாவிலிருந்து வைத்தியத்துக்கு வந்த ஒரு அம்மாள். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. கைக்கட்டோடு எழுந்து வந்து என் தலையணையைத் திருப்பிக் குளிர்ச்சியான பக்கத்தை மேலே வைத்துவிட்டுப் போவார். அந்த வார்டிலேயே நடு ரோட்டிலா போனாய் என்று என்னைக் கேட்காத ஒரே ஆள் அவர்தான்.

என் நாத்தனார் மேரி கூடவே தங்கினாள். கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் கார்டு பில்லில் ஒரு பகுதியைத் தாங்கியது. மீதிக்கு மாமா ஆட்டோவின் ஆர்.சி. புத்தகத்தை எங்கேயோ அடகு வைத்துவிட்டார் என்று மேரி சொல்லித்தான் தெரியும். கேட்டதற்கு, "புக்கு ரோட்ல ஓடுமா? வண்டிதானே ஓடும்" என்றார்.

பார்வையாளர் நேரம் தொடங்கியதும் மாமா முதல் ஆளாக வந்துவிடுவார். சர்க்கரைக்கு ஒத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லக் கேட்டு கேழ்வரகுக் களி கொண்டு வருவார். மல்லாந்து கிடந்ததில் என் தலைமுடி பின்னால் திரண்டு சிக்காகிவிட்டது. வெட்டிவிடலாம் என்று மேரி சொன்னாள். மாமா தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு, விரலாலேயே பிரித்துப் பிரித்துச் சிக்கெடுத்தார். கியர் போடுகிற கை, காய்த்துப்போன கை. ஒரு முடிகூட இழுபடவில்லை. அதைச் செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுவார்.

"இது எப்பவும் நடு ரோட்லதாங்க போவும். அன்னிக்குக் காலைலகூட படிச்சுப் படிச்சு சொன்னேன். ஓரமா போயிருந்தா இன்னிக்கு வேலைக்குப் போயிருக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்த வேண்டும்போல இருக்கும். ஆனால் சொல்லலாம் என்று நான் வாயெடுக்கும்போதெல்லாம் அவர் எனக்கு ஏதாவது நல்லது செய்துகொண்டிருப்பார். எண்ணெய்க் கையோடு இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் மாமா இல்லாத நேரமாகப் பார்த்து ரவி வந்தான். கையில் வாழைப்பழம். சர்க்கரைக்காரிக்கு வாழைப்பழம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. தொங்குகிற கனத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீங்க ஒதுங்கினீங்களே" என்றான். "நீங்க ஒதுங்கினா வழின்னுதானே அர்த்தம்? அந்தப் பாலத்தாண்ட நீங்க ஒதுங்கவே மாட்டீங்களே. நான் யோசிக்கல அக்கா. அக்கா ஒதுங்கிட்டாங்கன்னு மிதிச்சிட்டேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பயந்து ஓரமாகப் போனேன். அதை அவன் 'போ' என்று எடுத்துக்கொண்டான். அந்த ரோட்டில் வேறு எவள் ஓரமாகப் போயிருந்தாலும் அவன் பாலத்தில் வேகத்தைக் குறைத்திருப்பான்.

"ஸ்டேஷன்ல இன்னா சொன்ன?"

"நடுவுலேர்ந்து திடீர்னு வேனுக்குக் குறுக்க வந்துட்டீங்கன்னு. ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க." பழத்தைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "நீங்களே அப்படித்தான் சொன்னீங்கன்னு அண்ணன் சொன்னாரு. அதைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்துது" என்றான்.

அவன் போனபின் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் பொய்யும் அவன் பொய்யும் ஜோடி ஷூ மாதிரி அளவெடுத்துப் பொருந்தியிருந்தன.

இதோடு நின்றிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பேன். என் கால், என் புருஷன், என் பொய் என்று விட்டிருப்பேன். ஆனால் சுமதி வந்தாள். எனக்குப் பின்னால் எப்போதும் இரண்டாவதாக சைக்கிள் ஓட்டி வருகிறவள், தையல் லைனில் இருக்கிறாள்.

"சைக்கிள் ஸ்டாண்ட எடுக்கப் போறாங்களாம் அக்கா. இனிமே எல்லாரும் வேன்லதான் வரணுமாம். 'எஸ்தர் மாதிரி நடு ரோட்ல போய் விழுந்தா யார் பதில் சொல்றது'ன்னு மீட்டிங்ல கேக்கறாங்க. யாருக்கும் வாய் தொறக்க முடியல. நீங்களே ஒத்துக்கினீங்கன்னு சொல்றாங்களே."

"வேன்ல போயேன்" என்றேன், வேண்டுமென்றே.

"வேன் வர்ற நேரத்துக்கு எம் பாப்பா எழுந்திருக்கவே மாட்டா. அத ஸ்கூலுக்கு ரெடி பண்ணி உட்டுட்டுத்தான் நான் சைக்கிள் எடுக்கறேன். வேன்னா வேலய உட்டுடணும்." பிறகு மெதுவாக, "நீங்க அந்தப் பாலத்துல அவ்ளோ கவனமா இருப்பீங்களே அக்கா. எப்படி அக்கா?" என்றாள்.

வலிக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்ப முடிந்தது முகம் ஒன்றுதான். அன்று முழுக்க அந்தக் கட்டிலைவிட அந்தப் பொய்தான் என்னை இறுக்கியது. சொன்னால் மாமா உடைந்துபோவார். சொல்லாவிட்டால் சுமதிக்கு வேலை போகும், எங்கள் ஆறு பேருக்கும் ரோடு போகும். எந்தப் பக்கமும் புரள முடியவில்லை.

வாக்குமூலம் வாங்க ஏட்டு ஒருவர் முன்பே இரண்டு தடவை வந்திருந்தார். தலை சுற்றுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மூன்றாவது தடவை அவர் வந்தபோது மாமா பக்கத்தில் நின்று பிளாஸ்கிலிருந்து சர்க்கரை இல்லாத டீயை ஊற்றிக்கொண்டிருந்தார். முதலில் மாமாவிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நினைத்தபடி எது நடந்தது?

"நடு ரோட்ல போனீங்களாமேம்மா?" என்றார் ஏட்டு.

"ஆமா சார். அது அப்படித்தான் போவும்" என்றார் மாமா, எனக்கு முன்னால்.

"இல்ல சார். ஓரமாத்தான் போனேன்."

மாமா டீ ஊற்றுவதை நிறுத்தவில்லை. டம்ளர் நிரம்பி வழிந்தது.

பாலத்தையும், மணலையும், ஒதுங்கினால் வழி என்று வைத்துக்கொண்டிருந்த பழக்கத்தையும் சொன்னேன். ரவி வேண்டுமென்று இடிக்கவில்லை, என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டான் என்பதையும் சொன்னேன். ஏட்டு எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார்.

"எப்பவும் நடுவுல போறவங்க, அன்னிக்கு மட்டும் ஏன் ஓரமா போனீங்க?"

நான் மாமாவைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தேன். "சும்மாதான் சார். போவலாம்னு தோணுச்சு."

"நான்தான் சார் போவச் சொன்னேன்" என்றார் மாமா. "எழுதிக்கங்க. தேவராஜ், ஆட்டோ டிரைவர்."

ஏட்டு கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதெல்லாம் எழுதத் தேவையில்லப்பா" என்று சொல்லிவிட்டு, கைநாட்டா கையெழுத்தா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டேன். அதற்குள் மாமா டீ சிந்தியதைத் துடைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்துக்கு அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. களி மட்டும் மேரி கையில் வந்தது.

"எங்க இருக்காரு?"

"கீழ பெஞ்ச்லதான் இருக்காரு அண்ணி. மேல வாண்ணான்னா வரமாட்டேங்கறாரு. இன்னா முகத்த வச்சுக்கினு வர்றதுன்னு கேக்கறாரு."

நான் அழுதேன். வார்டுக்கே கேட்கும்படி அழுதேன். கல்கத்தா அம்மாள் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து படியிறங்கிப் போய் அந்த மனுஷனை நாலு அறை அறைந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும்போல இருந்தது. கீழே இருப்பவரிடம் போக எனக்கு ஒரு மாடி தூரம்கூட இல்லை. அந்தக் கயிறு என்னைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

கடைசியில் சர்க்கரை இறங்கியது, ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்டது. வலி இல்லை, தட்டும்போது உடம்பு மொத்தமும் தலைப்பக்கமாக நகர்ந்தது. லாஸ்டிங் மிஷின்காரர் ஷூவை அச்சில் ஏற்றி அடிப்பது ஞாபகம் வந்தது. செத்துப்போனால் மாமா கடைசிவரை அந்த பெஞ்சிலேயே இருந்துவிடுவாரே என்றுதான் பயமாக இருந்தது.

வெளியே கொண்டுவந்தபோது லிப்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரோடு கூடவே நடந்து வார்டு வரை வந்தார். மரத்துப்போன என் கால் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரத்துக்குப் பிறகு, "ஆட்டு" என்றார். நினைத்தேன், ஆடவில்லை. "ஆட்டு எஸ்தரு" என்றார். விரல் கொஞ்சம் அசைந்தது. அவர் அதை அப்படியே உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"அந்த வாட்ச்மேன் வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றார் பிறகு. "அவரு ஓரமாத்தான் போவாராம். எப்பவும் மண்ணுலதான் போவாராம்."

அவர் என் விரலை இன்னும் விடவில்லை.

"அப்ப எங்கதான் போறது?" என்றார்.

இத்தனை வருஷம் அந்தக் கேள்விக்கு எனக்கு டக்கென்று பதில் இருந்தது. நடுவில் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். அன்று வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்தது, என் நல்ல கால் துள்ளியது, அவர் அதைப் பார்த்துவிட்டார்.

அப்புறம் நடந்ததெல்லாம் பிசியோதெரபிதான். ஒரு தங்கச்சி வந்து முட்டியை மடக்கச் சொல்வாள், நான் அவளைப் பெற்றவர்களையெல்லாம் மனசுக்குள் திட்டுவேன். வாக்கரைப் பிடித்து முதல் தடவை நின்றபோது, தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஆச்சரியமாக இருந்தது. சுமதி போன் செய்தாள். கம்பெனியில் என் வாக்குமூலம் பற்றிப் பேச்சு அடிபட்டதாம், ஸ்டாண்டை எடுக்கிற பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறதாம். எடுக்க மாட்டோம் என்றும் யாரும் சொல்லவில்லை. ரவி ஆபீசில் திட்டு வாங்கிக்கொண்டு இன்னும் வேன் ஓட்டுகிறான். சைக்கிள்காரர்கள் ஓரத்தில் போனாலும் நடுவில் போனாலும் பாலத்துக்கு முன்னால் நின்றுவிடுகிறானாம்.

டிஸ்சார்ஜ் ஆனதும் மாமா தன் ஆட்டோவிலேயே கூட்டிக்கொண்டு போனார். பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்த்து, இரண்டு தலையணை முட்டுக்கொடுத்து என்னை உட்காரவைத்தார்கள், மேரி ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள். கம்பெனிப் பக்கத்துப் பழைய ரோட்டில்தான் எங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும். சின்னப் பாலம் தூரத்தில் தெரிந்தபோதே தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சுவரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். பார்த்தேன். ஒரு இடத்தில் சிமெண்ட் பெயர்ந்திருந்தது.

அப்போது பின்னால் ஒரு லாரி வந்து சேர்ந்தது. ஈரத்தோல் ஏற்றின லாரி, நாற்றத்திலேயே தெரிந்தது. ஹாரன் அடித்தான். விடாமல் அடித்தான். என்னால் தாங்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டேன். காலை இழுத்துக்கொள்ளவும் முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. என் வாயிலிருந்து என்ன வந்தது என்பதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

"மாமா, ஓரம் போய்டு. அவனுக்கு உட்டுடு. ஓரமா போ மாமா."

மேரி திரும்பி என்னைப் பார்த்தாள். மாமா கண்ணாடியில் பார்த்தார். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஓரத்துல மணலு" என்றார்.

லாரிக்காரன் கத்திக்கொண்டே வந்தான். மாமா பாலத்தின் நடுவிலேயே போனார். பாலம் தாண்டி, ரோடு அகலமாகிற இடம் வந்தது. எப்போதும் நான் ஒதுங்குகிற அதே இடம். அங்கே வந்த பிறகுதான் இடது பக்கம் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டார்.